ஆண்டு முழுக்கப் பச்சைப் பட்டாணி

மார்கழி, தையில் பச்சைப் பட்டாணி மலிவாகக் கிடைக்கும். வாங்கிய அன்றே உரித்துவிடுங்கள்; நாள் தள்ளினால் அதிலுள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறி, இனிப்பு குறைந்துவிடும். கொதிக்கும் தண்ணீரில் ஒன்றரை நிமிடம் போட்டெடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் கொட்டுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். நிறத்தையும் சுவையையும் கெடுக்கும் நொதிகள் ஃப்ரீசர் குளிரிலும் மெல்ல வேலை செய்துகொண்டே இருக்கும். அவற்றை அடக்குவது அந்தக் கொதிநீர்தான். பிறகு துணியில் பரப்பி ஈரம் போக்குங்கள். தட்டில் ஒரே அடுக்காக உறைய வைத்தால், ஒன்றோடொன்று ஒட்டாமல் மணிமணியாக உதிரும். காற்றில்லாமல் பையில் கட்டி மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் 8 மாதம் தாராளமாகத் தாங்கும். சமைக்கும்போது குளிர் விடக் காத்திருக்க வேண்டாம், அப்படியே குருமாவில் போடுங்கள்.