வெளிச்சுவரில் ஒரு தொலைக்காட்சி

சக்கரங்களின் மீது ஓர் இல்லம் என்பது நம் நாட்டிற்கு இன்னும் புதிய வழக்கமே. கேரள அரசு 2021ஆம் ஆண்டில் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்தது. அதன் முதல் கேரவன் பூங்கா வாகமண் மலையில் அமைந்தது. அம்மலைக்குச் செல்லும் ஆவலில்தான் நாங்களும் வங்கிக் கடன் பெற்று ஒரு கேரவனை வாங்கினோம்.

உள்ளே தொலைக்காட்சி இருந்தது. ஆயினும் மூட்டுவலியுள்ள எங்கள் அன்னையாருக்கு அந்த உயரமான படிகள் பகையாயின. மாலையில் அனைவரும் உள்ளே கிரிக்கெட் பார்க்க, அவர் மட்டும் வெளியே நாற்காலியில் தனித்திருந்தார். எனவே, நிழல் விதானத்தின் கீழ் வெளிச்சுவரிலேயே 32 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றைப் பொருத்த முடிவு செய்தோம். ஒரு பட்டறையில் நான்கு திருகுகளைக் கொண்டு ஒரே மணி நேரத்தில் வேலையை முடித்துக் கொடுத்தனர்.

இரண்டாம் பயணத்தில் மலைப்பாதையில் தேநீருக்காக நிறுத்தியபோதுதான் கண்டோம்: இரு திருகுகள் கழன்று, தொலைக்காட்சி ஒருபுறமாகத் தொங்கிக் கொண்டிருந்தது. அதுவரை எங்கள் பின்னே ஓர் இருசக்கர வாகனம் வந்துகொண்டிருந்தது. அன்றிரவு எங்களில் எவருக்கும் உறக்கமில்லை.

பிழை எங்கே? இத்தகைய வாகனங்களின் சுவர் பெரும்பாலும் வெளியே மெல்லிய தகடு, நடுவே நுரைப்பலகை, உள்ளே ஒட்டுப்பலகை என அமைந்தது. நுரையில் திருகு பிடிப்பதில்லை. தொலைக்காட்சியின் எடை ஐந்து கிலோ அளவே எனினும், நீளும் கையுள்ள பிராக்கெட்டில் அது சுவரை நெம்புகோல் போல இழுக்கிறது. சாலையின் குலுக்கல் அதைப் பன்மடங்காக்குகிறது.

ஆகவே மறுமுறை, சுவரின் உட்புறம் உலோகத் தகடு ஒன்றை வைத்து, வெளியிலிருந்து உள்வரை போல்ட்டுகளைச் செலுத்தி நட்டுகளால் இறுக்கினோம். மழைநீர் உட்புகுந்து பலகை உளுத்துப் போகாதிருக்க, ஒவ்வொரு துளையையும் சீலன்ட் கொண்டு அடைத்தோம். யாவற்றினும் முக்கியமாக, பிராக்கெட்டிலிருந்து எளிதில் கழற்றக்கூடிய அமைப்பையே தேர்ந்தோம். வண்டி நகருமுன் தொலைக்காட்சி போர்வையில் சுற்றப்பட்டு உள்ளே படுக்கைக்குச் சென்றுவிடும்.

மின்சாரக் கணக்கும் எளிதே. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 1,200 வாட்-மணி ஆற்றல் உண்டு. ஈய-அமில வகையாயின் அதில் பாதியைப் பயன்படுத்துவதே அதன் ஆயுளுக்கு நல்லது. தொலைக்காட்சியும் செட்-டாப் பெட்டியும் சேர்ந்து 70 வாட் எனக் கொண்டால், எட்டு மணி நேரம் கிடைக்கும். மின்விசிறியும் குளிர்பெட்டியும் அதிலேயே பங்கு கேட்கும் என்பதை மறத்தலாகாது.

வீட்டுத் தொலைக்காட்சியின் ஒளி வெயிலுக்கு ஈடுகொடாது. வண்டியைத் தெற்கு முகமாக நிறுத்தினால் இடப்பக்கச் சுவர் கிழக்கு நோக்கும்; மாலையில் வண்டியின் நிழலே திரைக்குக் குடையாகும்.

இனி, ஏட்டுப் பணி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதற்கு வரம்பு விதிக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. சுவரை வெட்டிப் பேழை அமைக்கவோ, உடற்கூட்டிற்கு வெளியே நிலையாக நீட்டவோ எண்ணுவோர், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுதல் வேண்டும். கடன் நிலுவையிலுள்ள வாகனத்தில் வங்கிக்கும் உரிமை உண்டு. எனவே கடன் ஒப்பந்தத்தைப் படித்து, வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது நலம். பின்னர் சேர்த்த மின்னணுச் சாதனத்தின் மதிப்பைக் காப்பீட்டு நிறுவனத்திடம் தனியே அறிவித்து, கூடுதல் பிரீமியம் செலுத்த வேண்டும். அறிவிக்காத பொருளுக்கு இழப்பீடு கேட்டுப் பயனில்லை. நாங்கள் இரு கடிதங்கள் எழுதினோம். அதற்கு ஓர் அரைநாளே செலவாயிற்று.

இன்று வாகமண் மாலைகளில் அன்னையார் நடுநாயகமாக அமர்ந்திருக்கிறார். அண்டை வண்டியினரின் அமைதி கெடாதவாறு ஒலியைக் குறைத்துவைக்கிறோம். சில நாள்களில் அவர்களும் தங்கள் நாற்காலிகளுடன் வந்து சேர்ந்துகொள்கின்றனர்.