சூணாம்பேட்டுக்கு வந்த வேன்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, செய்யூர் வட்டத்தில் இருக்கிறது சூணாம்பேடு. வயல் வேலையும் கூலி வேலையும் செய்து வாழும் கிராமங்கள் சூழ்ந்த ஊர். சுகர் என்பது பட்டணத்து நோய், உழைக்கிறவர்களை அண்டாது என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. அந்த நம்பிக்கை தவறு என்பதற்கு இந்த ஊரிலேயே கணக்கு இருக்கிறது.

டாக்டர் வி. மோகன் தலைமையிலான மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், சூணாம்பேடு வட்டாரத்தில் 42 கிராமங்களைத் தேர்ந்தெடுத்தது. நோயாளிகளைச் சென்னைக்கு வரச் சொல்லாமல், கருவிகள் பொருத்திய வேனை ஊருக்குள் அனுப்பியது. வேனில் எடுத்த விழித்திரைப் படங்கள் இஸ்ரோ தந்த செயற்கைக்கோள் இணைப்பு வழியாகச் சென்னை மருத்துவர்களுக்குப் போயின. 20 வயதைக் கடந்த 27,014 பேரில் 23,449 பேரைப் பரிசோதித்துவிட்டார்கள். ஒரு கிராமப்புறத் திட்டத்துக்கு இது அசாத்தியமான வேலை.

2012-இல் வெளியான முடிவுகளின்படி 1,138 பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அதைவிட முக்கியமான எண் அடுத்தது: 3,410 பேர் நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தார்கள். நோயாளி ஒருவருக்கு மூன்று பேர் வீதம், எந்த அறிகுறியும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த மூன்று பேர் நோயாளி ஆவதைத் தடுக்க முடியுமா?

முடியும். அதற்கான சான்றும் சென்னையிலிருந்தே வந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இதே முந்தைய நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேர் நோயாளி ஆனார்கள். சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் அது 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய இதே பலன்தான். இரண்டையும் சேர்த்துச் செய்ததில் கூடுதல் லாபம் கிடைக்கவில்லை. சாப்பாட்டுத் திருத்தத்துக்கும் தினசரி நடைக்கும் ஒரு மாத்திரையின் வலிமை உண்டு என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நடை உதவுவதற்குக் காரணமும் எளிது. தசை இயங்கும்போது, இன்சுலினின் உதவியை அதிகம் எதிர்பாராமலே ரத்தத்திலுள்ள குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது. சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே சர்க்கரை ஏறும் வேகம் குறையும். ஆனால் மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் உடலுழைப்பு குறைந்துவிட்டது. கட்டுமரத்தில் துடுப்புப் போட்ட இடத்தில் இப்போது ஃபைபர் படகின் மோட்டார் ஓடுகிறது. சிற்பக்கூடத்திலும் கடையிலும் வேலை பெரும்பாலும் உட்கார்ந்த இடத்தில். 'நாங்கள் உழைக்கிறவர்கள்' என்ற பழைய கணக்கை இந்த ஊர்க்காரர்கள் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

தட்டில் என்ன இருக்கிறது

நெல் விளையும் மண்ணில் சோற்றை விடச் சொல்வது நடக்காத காரியம். அளவைக் குறைக்கலாம். இரண்டு கரண்டி சோறு குறையும் இடத்தில் கீரையோ அவரைக்காயோ சுண்டலோ வரட்டும். கடற்கரைக்காரர்களுக்கு மீன் பெரிய வரம். குழம்பில் போட்டால் நல்லது, எண்ணெயில் மூழ்கவிட்டால் பலன் குறையும். கருவாட்டில் உப்பு அதிகம், ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் குறைத்துக்கொள்வது நல்லது.

கேழ்வரகுக் கூழ் பற்றி ஒரு தவறான தைரியம் இருக்கிறது. கேழ்வரகில் நார்ச்சத்து அரிசியைவிட அதிகம்தான். ஆனால் மாவுச்சத்தும் நிறைய உண்டு. மாவாக அரைத்து நீர்க்கக் காய்ச்சினால் சீக்கிரம் செரித்து சர்க்கரையை ஏற்றும். சொம்பு நிறையக் குடித்துவிட்டு 'சிறுதானியம்தானே' என்று இருந்துவிடக் கூடாது. பனைவெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் அப்படியே: நிறம் மாறினாலும் அவை சர்க்கரைதான்.

சூடு தெரியாத பாதம்

சூணாம்பேட்டில் பின்விளைவுகளுக்காகப் பரிசோதிக்கப்பட்ட 1,001 நோயாளிகளில் 30.9 சதவீதம் பேருக்கு நரம்பு பாதிப்பு இருந்தது. 18.2 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு. நரம்பு கெட்ட பாதத்துக்கு வெயிலில் காய்ந்த மணலின் சூடு தெரியாது. கிளிஞ்சல் கிழித்தாலும், மீன் முள் ஏறினாலும் உறைக்காது. வெறுங்காலோடு கரையில் வலை இழுப்பவர்களும் மீன் விற்கும் பெண்களும் உள்ள ஊர்களில் இது சின்ன விஷயமே இல்லை. செருப்புப் போடுவதும், இரவு படுக்கும் முன் இரண்டு பாதங்களையும் விரலிடுக்கு வரை பார்ப்பதும் பலருடைய காலைக் காப்பாற்றும். பார்வை மங்கியவர்களுக்கு வீட்டில் வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஊருக்குள்ளேயே வைத்தியம்

சூணாம்பேட்டுத் திட்டத்தில் மனதுக்குத் தெம்பு தரும் பகுதி இது. ஊரிலேயே சிகிச்சை கிடைத்ததும், நோயாளிகளின் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஒரே ஆண்டில் 9.3 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதமாக இறங்கியது. மேல்சிகிச்சைக்குச் சென்னை போக வேண்டியிருந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இப்போது மாத்திரை வீட்டுக்கே வருகிறது. உடம்பு நன்றாக இருக்கிறது என்று, வருகிற மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும், சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதும் ஆபத்து. இன்னும் பரிசோதிக்காதவர்கள், 30 வயதைத் தாண்டியிருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை அளவு 126-ஐத் தொட்டால் மறுபரிசோதனை செய்து நோயை உறுதிப்படுத்துவார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80-ஐயும் தாண்டியிருந்தாலோ, தாய் தகப்பனுக்குச் சுகர் இருந்தாலோ, இந்த வாரமே போய்வருவது நல்லது.