மூலிகைச் சாறுகளின் நச்சுத்தன்மைச் சோதனை

மூலிகைச் சாறுகளின் நச்சுத்தன்மைச் சோதனை என்பது, மருந்தாகப் பயன்படுத்தக் கருதும் தாவரச் சாறு உடலுக்குத் தீங்கு செய்கிறதா, எந்த அளவில் செய்கிறது என்பதை ஆய்வக விலங்குகளில் கண்டறியும் முறையாகும். ஒரு மூலிகை நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருப்பது மட்டுமே அதன் பாதுகாப்புக்குச் சான்றாகாது. உட்கொண்டவுடன் வரும் வாந்தியும் மயக்கமும் எளிதில் தெரிந்துவிடும். பல மாதங்கள் கழித்து வரும் சிறுநீரகப் பாதிப்பை மூலிகையோடு தொடர்புபடுத்துவது கடினம்.

ஒற்றை வேளைச் சோதனை

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் 423ஆம் வழிகாட்டுதல் இதற்குப் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் மூன்று எலிகளுக்கு, பெரும்பாலும் பெண் எலிகளுக்கு, சாறு ஒருமுறை வாய்வழியாகக் கொடுக்கப்படும். உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 5, 50, 300, 2000 மில்லிகிராம் என்பவை அளவுப் படிகள். எலிகள் 14 நாட்கள் கண்காணிக்கப்படும். பாதி விலங்குகளைக் கொல்லும் அளவைக் கணக்கிட அதிக விலங்குகளைப் பயன்படுத்திய பழைய 401ஆம் வழிகாட்டுதல் 2002இல் நீக்கப்பட்டது.

தொடர் சோதனை

2000 மில்லிகிராமிலும் எலி இறக்கவில்லை என்பதால் சாறு பாதுகாப்பானது என்று முடிவு செய்ய முடியாது. ஆகவே 28 நாட்கள் அல்லது 90 நாட்கள் தினமும் சாறு கொடுத்து, இரத்தம், கல்லீரல், சிறுநீரகம் முதலியவை ஆராயப்படுகின்றன. சாறு பெறாத எலிகளோடு முடிவுகள் ஒப்பிடப்படும்.

பிரசல்ஸ் நிகழ்வு

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில், உடல் எடை குறைக்கச் சீன மூலிகைகள் உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா என்ற மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா ஃபாங்கி சேர்க்கப்பட்டிருந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலத்தை மூன்று மாதம் தொடர்ந்து கொடுத்தால் எலிகளுக்குப் புற்றுநோய் வருவதை 1982இலேயே ஓர் ஆய்வு காட்டியிருந்தது. தமிழ்நாட்டில் வளரும் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் இதே அரிஸ்டோலோக்கியா பேரினத்தைச் சேர்ந்தவை.

விதிகளும் வரம்புகளும்

இந்தியாவில் இத்தகைய சோதனைகள் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற பின்னரே இவற்றைத் தொடங்கலாம். சோதனைக்கு முன் தாவரத்தைச் சரியாக இனங்காண்பதும் இன்றியமையாதது. கிடைக்கும் முடிவு, சோதித்த தாவர உறுப்புக்கும் கரைப்பானுக்கும் அளவுக்கும் கால அளவுக்கும் மட்டுமே பொருந்தும். இலைச்சாறு எலிகளுக்குத் தீங்கு செய்யவில்லை என்பது, அதே செடியின் வேரை மனிதர் உண்ணலாம் என்பதற்குச் சான்றாகாது.