மதகில் சிக்கிய முதல் தண்டு

கீரப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மத்தியானம் ஆனால் என் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடுகிறது. சிபியு பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தால் ஓடுகிறது. இப்படியே விட்டுவிடலாமா?"

விடக் கூடாது. இன்றைக்குக் குளிரும், மூன்று மாதம் போனால் முன்பைவிட மோசமாகும். சேத்தியாத்தோப்பு சாலையில் லாரி கிளப்பும் புழுதி, தை மாசியில் அறுவடை இயந்திரம் பறக்கவிடும் நெல் சுனை, ஜெராக்ஸ் தாளின் பொடி எல்லாவற்றையும் அந்த டேபிள் ஃபேன் உள்ளே அள்ளிக் கொட்டுகிறது. திறந்த பெட்டியில் பல்லி புகுந்தால் அதுவும் ஆபத்துதான்.

பிராசசர் மேல் வரிசையாக நிற்கும் அலுமினியத் தகடுகளைப் பாருங்கள். தகடுக்கும் தகடுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சந்து. தூசித் துகள் அதில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. தாராளமாக நுழைந்து அந்தப் பக்கம் போய்விடலாமே, எப்படி அடைத்துக்கொள்கிறது?

வீராணத்துப் பாசன வாய்க்காலில் மதகு அடைபடுவதைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். ஆகாயத்தாமரை ஒன்றிரண்டாக வந்தால் மதகில் புகுந்து போய்விடும். முதலில் ஒரு நெய்வேலிக் காட்டாமணக்குத் தண்டு குறுக்கே விழ வேண்டும். பிறகு வருவதெல்லாம் அதில் சாயும். சாய்ந்தது அடுத்து வருவதைப் பிடிக்கும். கம்ப்யூட்டரில் அந்தத் தண்டு ஒரு தலைமுடி, அல்லது லுங்கியிலிருந்து உதிர்ந்த பஞ்சிழை. அது இரண்டு தகடுகளின் விளிம்பில் குறுக்காகப் படுத்துக்கொள்கிறது. காற்று இழையைச் சுற்றி வளைந்து போகும். சற்றே பெரிய துகளால் கூடவே வளைய முடியாது, நேரே போய் மோதும். மிக நுண்ணிய துகளோ காற்று மூலக்கூறுகள் இடிக்கிற இடியில் தள்ளாடி அலைந்து, அந்த அலைச்சலிலேயே இழையைத் தொட்டுவிடும். தொட்டால் ஒட்டியதுதான்; அந்த அளவில் எடையைவிட ஒட்டும் விசையே பெரிது. ஒட்டிய துகளால் இழை தடிக்கும், தடித்த இழை இன்னும் அதிகம் பிடிக்கும். சில மாதங்களில் விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறக் கம்பளி ஒன்று உருவாகிவிடும். விரலால் உரித்தால் துணிபோல ஒரே துண்டாக வரும். என்95 முகக்கவசம் தூசியைப் பிடிப்பதிலும் இந்த விதிகள் உண்டு.

மதகு அடைபட்டால் தலைப்பில் தண்ணீர் ததும்பும், கடைமடை காயும். இங்கேயும் விசிறி இரைச்சலோடு வேகமாகச் சுற்றும். காற்று கம்பளியில் முட்டித் திரும்பும். தகடுகளின் அடிவாரம் தவிக்கும். தண்ணீர் போதாதபோது முறைப்பாசனம் வைப்பதுபோல, பிராசசரும் தன் வேலையை விட்டு விட்டுச் செய்யத் தொடங்கும். அதுவும் போதாமல் சூடு 100 டிகிரியை ஒட்டி வந்தால் அணைந்துவிடும். உங்கள் மத்தியானக் கதை இதுதான்.

கணக்குப் போட்டால் புரியும். 65 வாட் பிராசசர் மேல் விநாடிக்கு 10 லிட்டர் காற்று போனால், அந்தக் காற்று சுமார் 5 டிகிரிதான் சூடேறும். கம்பளி 2 லிட்டருக்குத்தான் வழிவிடுகிறது என்றால் 27 டிகிரி ஏறும். கத்திரி வெயிலில் கடைக்குள் 38 டிகிரி இருந்தால், தகடுகளைத் தாண்டி வரும் காற்றே 65 டிகிரி. பிராசசர் அதற்கும் மேலே.

வரலாறு ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். 1946-இல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் கம்ப்யூட்டரில் ஏறத்தாழ 18,000 வெற்றிட வால்வுகள் இருந்தன. சுமார் 150 கிலோவாட் மின்சாரத்தில் ஓடிய அதையும் காற்றை ஊதித்தான் குளிரவைத்தார்கள். மேசைக் கம்ப்யூட்டரில் பிராசசருக்கென்று தனி விசிறி 1990-களில் வழக்கமானது.

வண்ண விளக்கு எரியும் விசிறிகளும் லிக்விட் கூலிங்கும் தூசித் தொல்லையைத் தீர்த்துவிடும் என்ற விளம்பரங்களை நம்பிப் பணம் போடாதீர்கள். தண்ணீர் சூட்டைச் சுமந்துபோய் இறக்கும் இடத்திலும் தகடுகளும் விசிறியும்தான் இருக்கின்றன. கம்பளி அங்கே வளரும்.

நம் பகுதிக்கு உப்புத் தொல்லையும் உண்டு. கடல் பக்கத்தில் இருப்பதால் தூசியில் உப்பு கலந்திருக்கும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியும். ஐப்பசி, கார்த்திகையில் மதர்போர்டில் படிந்த தூசி ஈரம் கோத்து, மின்சாரத்தைக் கசியவிட்டுச் செம்பை அரிக்கும்.

ஆகவே மூடியை மாட்டிவிடுங்கள். பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து ஒரு ஸ்டூல்மேல் வையுங்கள். துடைப்பம் கிளப்பும் தூசி உள்ளே போவது குறையும். காற்று உள்ளே போகும் வழியில் மெல்லிய நைலான் வலை ஒட்டி, வாரம் ஒருமுறை தட்டுங்கள். சுத்தம் செய்யும்போது முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறியைத் தகடுகளிலிருந்து கழற்றுங்கள். கழற்றாமல் மேலிருந்து ப்ளோயர் அடித்தால் கம்பளி உள்ளே போய் இறுகும். விசிறிக்கு ப்ளோயர் அடிக்கும்போது விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிடாதீர்கள். தகடுகளையே கழற்ற நேர்ந்தால், பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்து மிளகளவு புதிது வைக்க வேண்டும். செம்பைவிடச் சுமார் 15,000 மடங்கு மோசமாகச் சூட்டைக் கடத்தும் காற்று இடுக்கில் தங்காமல் பார்ப்பதுதான் அந்தப் பேஸ்டின் வேலை.

அறுவடைப் புழுதி அடங்கும் பங்குனியில் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை இதைச் செய்யுங்கள். ஒரு ஸ்குரூடிரைவர், ஒரு பெயிண்ட் பிரஷ், ஒரு ப்ளோயர், அரைமணி நேரம் போதும்.