பாறையை அசைக்கும் அலையில் ஓர் எலெக்ட்ரான்

வட்டக்கானலின் பாறைகள் ஆடாமல் அசையாமல் நிற்பவை என்றுதானே நினைக்கிறோம்? 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவை அடுத்த கடலடியில் பூகம்பம் நேர்ந்தபோது அவையும் ஏறி இறங்கின. அன்று ஒரு சென்டிமீட்டராவது அசையாத இடம் பூமியில் இல்லை. இலங்கையில் அசைவு 9 சென்டிமீட்டரைத் தாண்டியது. இப்படித் தரையை ஒட்டியே தவழ்ந்து செல்லும் அலைக்கு ராலே அலை என்று பெயர். 1885-இல் ராலே பிரபு கணக்குப் போட்டே இதைக் கண்டு சொன்னார். வட்டக்கானலுக்குப் பக்கத்தில், 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் வானாய்வகத்தில் பூகம்பமானியும் நெடுங்காலம் இயங்கியது. சூரியனைப் பார்த்த இடத்திலேயே பூமிக்கும் நாடி பிடித்தார்கள்!

பூகம்பத்தில் ராலே அலையின் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே பல பத்துக் கிலோமீட்டர் இருக்கும். அதே தூரத்தை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால்? மாணவர்களே, அந்த அலை ஒரே ஓர் எலெக்ட்ரானைச் சுமக்கும் வாகனமாகிவிடும்.

காலியம் ஆர்சனைடு என்னும் படிகத்தை நசுக்கினால் மின்னழுத்தம் தோன்றும். மின்னழுத்தம் கொடுத்தால் அது நெளியும். அதன்மேல் சீப்புப் பற்களைப் போல மெல்லிய உலோகக் கோடுகளைப் பதித்து, விநாடிக்குச் சுமார் 270 கோடி முறை மாறும் மின்னழுத்தத்தை ஊட்டுகிறார்கள். மேற்பரப்பில் அலை புறப்படுகிறது. நம் காதுக்கு எட்டாவிட்டாலும் இதுவும் ஒலிதான். அலையோடு மின்னழுத்தத்தின் மேடும் பள்ளமும் கூடவே ஓடுகின்றன. பள்ளத்தில் விழுந்த எலெக்ட்ரான் ஏறி வெளியே வர முடியாமல் அதோடு போகிறது. பாதையின் இரு புறமும் எதிர் மின்னழுத்தம் கொடுத்து நெருக்கினால் ஒரு பள்ளத்தில் ஓர் எலெக்ட்ரானுக்குத்தான் இடம். இரண்டாவது வந்தால் முதலாவது விலக்கித் தள்ளிவிடும்.

1996-இல் கேம்பிரிட்ஜில் இதைச் செய்து காட்டினார்கள். பள்ளத்துக்கு ஒன்றாக விநாடிக்கு 270 கோடி எலெக்ட்ரான்கள் போனாலும், மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் சுமார் 230 கோடியில் ஒரு பங்குதான்! ஆம்பியருக்கே இதை உரைகல்லாக்கலாம் என்று எண்ணினார்கள். ஆனால் சில பள்ளங்கள் காலியாகவும், சில இரண்டு எலெக்ட்ரான்களுடனும் போயின. உரைகல்லுக்கு வேண்டிய துல்லியம் கிட்டவில்லை.

2011-இல் கேம்பிரிட்ஜிலும் பிரான்சின் கிரெனோபிளிலும் வேறு வழியில் முயன்றார்கள். ஏறக்குறைய தனிச்சுழி வெப்பநிலைக்குக் குளிர்வித்த படிகத்தில், ஓர் எலெக்ட்ரானை மட்டும் சிறு கூண்டில் அடைத்து, அலை வரும்போது திறந்துவிட்டு, சில மைக்ரான் தொலைவிலிருந்த மற்றொரு கூண்டில் பிடித்தார்கள். கேம்பிரிட்ஜில் ஒரே எலெக்ட்ரானைச் சுமார் 60 தடவை இப்படிப் பந்தாடினார்கள். மொத்தப் பயணம் கால் மில்லிமீட்டர்!

எதற்கு இந்தப் பாடு? எலெக்ட்ரானின் தற்சுழற்சியில் செய்தியை வைக்கும் குவாண்டம் கணிப்பொறியில், அந்த எலெக்ட்ரானை மற்றவற்றோடு கலக்கவிடாமல் இடம் மாற்ற வேண்டும். கம்பியில் அனுப்பினால் அது கூட்டத்தில் தொலைந்துபோகும். 2019-இல் கிரெனோபிள் குழு சுமார் 20 மைக்ரான் தூரத்துக்கு அனுப்பியபோது, 100-க்கு 99 தடவைக்கு மேல் எலெக்ட்ரான் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.