மோட்டார் போய்விட்டது என்று முடிவு செய்யுமுன் பெல்ட்டைப் பாருங்கள்

பெருநாளுக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் நின்றுபோனது. திரைச்சீலை, பெட்ஷீட், தொழுகை விரிப்பு என்று எல்லாம் ஒன்றாகக் குவிந்திருந்த நேரம். டைமரைத் திருப்பினால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனால் தொட்டியின் அடியில் உள்ள சக்கரம் சுற்றவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் பின்மூடியைக்கூட கழற்றவில்லை. "மோட்டார் போச்சு, மாத்தணும்" என்று சொல்லி ஒரு பெரிய தொகையைக் கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டு, இரவு மூடியைக் கழற்றிப் பார்த்தோம். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெல்ட் அறுந்து கீழே கிடந்தது. மறுநாள் சில நூறு ரூபாய்க்குள் வேலை முடிந்தது.

வீட்டு ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். மெக்கானிக் சொல்வதை உம்மா போனில் சொல்ல, அங்கிருந்து மகன் பணம் அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது. பழுது எங்கே என்று நாமே ஓரளவு கண்டுபிடிக்க முடிந்தால் இந்தச் செலவு மிச்சம்.

முதலில் நம் வீட்டில் இருப்பது எந்த வகை மெஷின் என்று தெரிய வேண்டும். இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக்கில் இரண்டு மோட்டார்கள் இருக்கும். துவைக்கும் பக்கம் மட்டும் பெல்ட் வழியாகச் சுற்றும்; பிழியும் பக்கம் மோட்டாரோடு நேரடியாக இணைந்திருக்கும். ஆகவே பிழிவது ஓடி, துவைப்பது மட்டும் நின்றால் பெல்ட் மீது சந்தேகம் வரலாம். மேலே மூடி உள்ள ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கில் ஒரே மோட்டார் என்பதால், பெல்ட் போனால் துவைப்பதும் பிழிவதும் சேர்ந்தே நிற்கும். முன்பக்கக் கதவு உள்ள மெஷின்களிலும் பெரும்பாலும் பெல்ட் உண்டு. 'டைரக்ட் டிரைவ்' என்று எழுதியிருந்தால் அதில் பெல்ட்டே கிடையாது.

இனி சோதனை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலித் தொட்டியில் கையை விட்டு அடிச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பெல்ட் நன்றாக இருந்தால் மோட்டாரும் சேர்ந்து சுற்றுவதால் ஒரு இழுவை தெரியும். எந்தத் தடையும் இல்லாமல் லேசாகச் சுற்றினால் பெல்ட் அறுந்திருக்கலாம், அல்லது கழன்றிருக்கலாம். சக்கரம் அசையவே இல்லை என்றால் அடியில் காசோ, ஊசியோ, குழந்தையின் சாக்ஸோ சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். வெறும் தண்ணீரில் சுற்றி, துணி போட்டதும் நின்றால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. ரப்பர் கருகும் வாசனை, மெஷினுக்குக் கீழே கருப்புத் தூள், கீச்சென்ற சத்தம் ஆகியவையும் அதற்கே அடையாளம்.

மோட்டார் ஓடாமல் வெறுமனே முனகினால் அது வேறு விஷயம். பல நேரங்களில் கெபாசிட்டர் பழுதாக இருக்கும். அதுவும் மோட்டாரைவிட மிகக் குறைந்த விலைதான். ஆனால் கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தேங்கி நிற்கும். அதைத் தொட வேண்டாம், எலக்ட்ரீசியனிடம் விட்டுவிடுங்கள்.

வாரண்டி காலம் முடியாத மெஷினை நாமாகத் திறக்கக் கூடாது. முடிந்திருந்தால், செமி ஆட்டோமேட்டிக்கில் பெல்ட் மாற்றுவது கடினமல்ல. தண்ணீரை முழுவதும் வடித்து, பிளக்கைப் பிடுங்கி, பின்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். எதையும் தொடுமுன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மோட்டாரில் ஒரு சிறிய புல்லி, துவைக்கும் தொட்டிக்கு அடியில் ஒரு பெரிய புல்லி இருக்கும். இரண்டையும் இணைப்பதுதான் பெல்ட். அதன் முதுகில் பெரும்பாலும் 'எம்' போன்ற ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் அச்சிட்டிருக்கும். பழைய பெல்ட்டைக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று அதே எண்ணில் வாங்குங்கள். "இதுவும் சேரும்" என்று அரை அளவு கூடக் குறையக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தினால் போதும், முழுவதும் கழற்ற வேண்டியதில்லை. மோட்டார் சற்று நகரும். புதிய பெல்ட்டை முதலில் சிறிய புல்லியில் மாட்டி, பிறகு பெரிய புல்லியைக் கையால் சுற்றிக்கொண்டே அதன் பள்ளத்தில் ஏற்றுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளே இருக்கும் நூல் அறுந்து, புது பெல்ட்டும் சீக்கிரம் போய்விடும். இடையில் விரல் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால் வழுக்கும். கம்பி போல இறுக்கினால் பேரிங் தேய்ந்து மோட்டார் சூடாகும். மலிவான பெல்ட்டை மாற்றப் போய் உண்மையிலேயே மோட்டாரைக் கெடுத்த கதையாகிவிடும். சத்தம் வருகிறதென்று பெல்ட்டில் எண்ணெய் விடும் பழக்கமும் உண்டு. அது வழுக்கலைத்தான் கூட்டும். புல்லியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துடைத்துவிட்டே மாட்ட வேண்டும்.

முன்பக்கக் கதவு மெஷினில் இருப்பது நீளவாக்கில் கோடுகள் உள்ள தட்டையான பெல்ட். அதில் '1270 ஜே5' என்பது போல எழுதியிருந்தால், 1270 மில்லிமீட்டர் நீளம், 5 கோடுகள் என்று பொருள். மெஷினின் எடையையும் ஒயர்களையும் பார்த்தால், அதைத் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

மூடியைப் பூட்டுமுன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். தொட்டிக்கு அடியிலிருந்து பெல்ட் மீது தண்ணீர் சொட்டினால் சீல் தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாவிட்டால் புதிய பெல்ட்டும் நிலைக்காது. பெல்ட்டில் பல் தடம் இருந்தால் அது எலியின் வேலை. பல மெஷின்களின் அடிப்பகுதி திறந்தே இருப்பதால் எலி எளிதாக உள்ளே போகும், ஒயரையும் கடிக்கும். அந்த மாடலுக்கான எலித் தடுப்புத் தட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கும்.

மற்றபடி பெல்ட் சீக்கிரம் தேய்வதற்குப் பெரிய காரணம் அதிகச் சுமைதான். 6 கிலோ மெஷின் என்றால் அது உலர்ந்த துணியின் எடை. கனமான போர்வையையும் ஜீன்ஸையும் ஒரே தடவையில் திணித்தால் முதலில் வழுக்குவது பெல்ட்தான்.

புதிய பெல்ட் முதல் சில வாரங்களில் சற்று நீளும். இரண்டு வாரம் கழித்து மூடியைத் திறந்து இறுக்கத்தை ஒருமுறை பாருங்கள். பெல்ட்டின் எண்ணை மூடியின் உட்புறம் மார்க்கரால் எழுதியும் வைத்துவிடுங்கள். அடுத்த முறை உம்மா போனில் அந்த எண்ணைச் சொன்னால் போதும்.