பனியில் ஓடும் மின்கார்

நார்வே நாட்டின் வடகோடியில் காராஸ்யோக் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1886 ஜனவரியில் அங்கே வெப்பநிலை மைனஸ் 51.4 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. அந்த நாட்டில் இதுவரை பதிவான குளிரிலேயே கடுமையானது அதுதான். அதே நார்வேயில் 2024-ல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது, முழுக்க மின்சாரத்தில் ஓடுபவை. "குளிரில் பேட்டரி கார் ஓடாது" என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஓடும், ஆனால் தூரம் குறையும். அந்நாட்டு வாகன ஓட்டுநர் சங்கம் குளிர்காலத்தில் பல மின்கார்களை ஒரே பாதையில், சார்ஜ் தீர்ந்து நிற்கும்வரை ஓட்டிப் பார்க்கிறது. 2020-ல் நடந்த சோதனையில், கார் நிறுவனம் சொன்ன தூரத்தில் சராசரியாகச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அந்தத் தூரம் எங்கே போயிற்று?

பேட்டரிக்குள் போய்ப் பார்ப்போம். அங்கே இரண்டு மின்முனைகள் இருக்கின்றன. நடுவில் மின்பகுளி என்ற திரவம். கார் ஓடும்போது லித்தியம் அயனிகள் இந்தத் திரவத்தைக் கடந்து ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகின்றன. சார்ஜ் போடும்போது திரும்பி வருகின்றன. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் எப்படி இறுகுகிறது என்று உங்களுக்குத் தெரியும். மின்பகுளி அப்படி உறைந்துவிடாது, ஆனால் கெட்டிப்படும். அயனிகள் மெதுவாக நகரும். உள்ளே இருக்கும் மின்சாரம் காணாமல் போவதில்லை, வெளியே வரச் சிரமப்படுகிறது. பேட்டரி சூடானதும் பழைய வேகம் திரும்பிவிடும்.

தூரத்தை அதிகம் தின்பது வேறொன்று: காருக்குள் இருக்கும் ஹீட்டர். பெட்ரோல் கார் தன் எரிபொருளின் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. அந்த வீண் வெப்பத்தைக் கொஞ்சம் உள்ளே திருப்பிவிட்டால் போதும், ஆட்களுக்குக் கதகதப்பு இலவசம். மின்மோட்டார் அவ்வளவு வீணாக்குவதில்லை. அதனால் குளிர்காயவும் பேட்டரியிலிருந்தே எடுக்க வேண்டும். நல்ல குளிரில் ஹீட்டருக்கு மணிக்கு மூன்று, நான்கு யூனிட் போகலாம். நம் வீட்டு மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட்தான். இதில் ஒரு வேடிக்கை: கார் மெதுவாகப் போகப் போக ஒரு கிலோமீட்டருக்கான ஹீட்டர் செலவு ஏறும். ஹீட்டர் தூரத்தைப் பார்ப்பதில்லை, நேரத்தைத்தான் பார்க்கிறது.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட நல்ல வழி வெப்பப் பம்பு. ஃபிரிட்ஜ் தன் உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது அல்லவா? இது வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துக் காருக்குள் தள்ளுகிறது. "மைனஸ் 10 டிகிரியில் ஏது வெப்பம்?" என்று கேட்பீர்கள். வெப்பமே இல்லாத நிலை மைனஸ் 273 டிகிரி; மைனஸ் 10 அதைவிட எவ்வளவோ மேலே. வெப்பத்தைப் புதிதாக உண்டாக்காமல் இடம் மட்டும் மாற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு யூனிட் வெப்பம்கூடக் கிடைக்கும். குளிர் மிகக் கடுமையானால் இந்த லாபம் குறையும்.

எல்லாவற்றிலும் கவனம் வேண்டியது சார்ஜ் போடுவதில்தான். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு மின்முனையில் உள்ள கிராஃபைட் அடுக்குகளின் இடைவெளியில் போய் அமர வேண்டும். உறைகுளிரில் அவை மெதுவாகத்தான் நுழையும். அப்போது மின்சாரத்தை வேகமாகத் திணித்தால், உள்ளே போக முடியாத அயனிகள் கிராஃபைட்டின் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் ஒரு பகுதி பிறகு பயன்படாது; பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். எனவேதான் காரின் கணினி, பேட்டரி குளிர்ந்திருந்தால் சார்ஜ் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. கார் அடம்பிடிப்பதாகச் சிலர் சலித்துக்கொள்வார்கள். உண்மையில் அது தன் பேட்டரியைக் காப்பாற்றுகிறது. பல கார்களில் விரைவு சார்ஜ் நிலையத்தை வழிகாட்டியில் குறித்தால் போதும், போய்ச் சேருவதற்குள் பேட்டரியைக் காரே சூடாக்கிக்கொள்ளும்.

பனிக்காலம் பழகியவர்கள் இரண்டு வேலைகளை மறப்பதில்லை. இரவு வீடு திரும்பியதும், ஓடிய சூடு ஆறுவதற்குள் சார்ஜ் போட்டுவிடுகிறார்கள். காலையில் கிளம்புவதற்குமுன், ஒயரைக் கழற்றாமலே காரைச் சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டுக்கான மின்சாரம் வீட்டிலிருந்து போகிறது, பேட்டரி நிறைவாகவே இருக்கிறது.

நார்வேயிலும் கனடாவிலும் நம் தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். உங்கள் சித்தப்பாவோ அத்தையோ அங்கே மின்கார் வைத்திருந்தால், அடுத்த முறை பேசும்போது கேளுங்கள்: "எப்போது சார்ஜ் போடுகிறீர்கள், வந்த உடனா, விடிந்த பிறகா?" விடிந்த பிறகு என்றால், காரணத்தைச் சொல்லி நேரத்தை மாற்றச் சொல்லுங்கள்.